ஆச்சி பதில்கள்: எரிமலையும் ஏரிக்கரையும்

கேள்வி: ஆச்சி, என் மகன் அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கிறான். ஆகஸ்டில் ஆர்.வி. எனும், உள்ளேயே படுத்துச் சமைக்க வசதியுள்ள வண்டியை வாடகைக்கு எடுத்து செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். எனக்கு 63 வயது, முழங்கால் வலி வேறு. மலை ஏற முடியாதவள் அங்கே போய் என்ன பார்ப்பது?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: தயங்காமல் போய் வாருங்கள். நானும் இதே முழங்கால் வலியோடு மகள் குடும்பத்துடன் போனவள்தான்.

செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நடந்து பழகிய நமக்கு அந்த வண்டி நெருக்கடிதான். படுக்கையைக் கீழேயே கேட்டு வாங்குங்கள், ஏணி ஏற வேண்டாம். கிளம்புமுன் அலமாரிக் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான் ஒன்றை விட்டுவிட்டேன். முதல் வளைவிலேயே பருப்புப் பொடி டப்பா விழுந்து தரையெல்லாம் பொடி. சமைத்த மிச்சத்தை வெளியே வைக்காதீர்கள், அது கரடி நடமாடும் காடு.

சியாட்டிலிலிருந்து காசில் ராக் ஊர் சுமார் 120 மைல். அங்கேயே பெட்ரோல் நிரப்பிவிடச் சொல்லுங்கள். பக்கத்தில் சீக்வெஸ்ட் பூங்காவில் வண்டி நிறுத்தித் தங்கலாம். எதிரே சில்வர் ஏரி. விடியற்காலை கரைக்குப் போய்ச் சும்மா உட்காருங்கள். நான் பார்த்தபோது நாரை ஒன்று அசையாமல் நின்றது. மீன்பிடிக் கழுகு தண்ணீரில் பாய்ந்து மீனோடு எழும்பியது.

அப்புறம் மலைச்சாலையில் ஏறி கோல்ட்வாட்டர் ஏரிக்குப் போங்கள். 1980 மே 18, ஞாயிறு காலை 8.32-க்கு மலை வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். 9,677 அடி உயர மலை 8,363 அடியானது. சரிந்த மண்ணும் பாறையும் ஓர் ஓடையை அடைத்து நின்றதில் உண்டான ஏரிதான் இது. அதற்கு முன் அங்கே ஏரியே கிடையாது. கரையில் பலகை போட்ட சமமான நடைபாதை இருக்கிறது, உங்கள் காலுக்கு அது போதும்.

சாம்பல் மூடிய அந்த மண்ணில் முதலில் வந்த செடிகளில் ஒன்று லூபின். நம் வயலில் உரத்துக்கு மடக்கி உழும் கொளுஞ்சிக்குச் சொந்தம், அதைப் போலவே மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும். வளைக்குள் இருந்து பிழைத்த கோஃபர் எலிகள் அடிமண்ணைக் கிளறி மேலே கொண்டுவந்தன. இன்று அந்தப் பள்ளத்தாக்கில் எல்க் மான்கள் கூட்டமாக மேய்கின்றன. உச்சியைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. மான்களை வண்டிக்குள் இருந்தே பாருங்கள், கிட்டே போக வேண்டாம்.

ஒரு விஷயம். 2023 மே மாத மண்சரிவில் பாலம் ஒன்று போனதால், மேலே ஜான்ஸ்டன் ரிட்ஜ் பார்வை மையத்துக்கு வழி அடைபட்டது. கிளம்புமுன் மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்கா போக எங்களுக்கு வசதியில்லை. பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பறவைகளைக் காட்ட நம் பக்கம் இடம் உண்டா, ஆச்சி?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறதே! மழை பெய்து கண்மாய் நிரம்பிய பிறகு, மார்கழி, தை வாக்கில் போங்கள். நத்தைக்குத்தி நாரைகள் மரம் மரமாகக் கூடு கட்டியிருக்கும். அந்தப் பறவைகள் மிரளக்கூடாது என்று பக்கத்துக் கிராமமான கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. பிள்ளைகளை அந்த ஊர்ப் பெரியவர்கள் யாரிடமாவது உட்கார்த்தி, அந்தக் கதையை அவர்கள் வாயாலேயே கேட்க வையுங்கள்.