சின்ன ஏர் ரைபிளுக்கு எந்த ஸ்கோப்?

கேள்வி: என்னிடம் 4.5 மி.மீ. ஏர் ரைபிள் இருக்கிறது. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. மொத்த நீளம் ஒரு மீட்டருக்கும் குறைவு. 10 முதல் 25 மீட்டருக்குள் காகித இலக்கையும் காலி டப்பாவையும்தான் சுடுகிறோம். உறவினர் கொடுத்த 3-9×50 ஸ்கோப்பைப் (3 முதல் 9 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 50 மி.மீ.) பொருத்தினேன். துப்பாக்கியின் முன்பக்கம் கீழே இழுக்கிறது, 10 மீட்டரில் இலக்கு மங்கலாகத் தெரிகிறது, பத்தே நாளில் ஸ்கோப் பின்னால் நகர்ந்துவிட்டது. எனக்குச் சரியாக ஜீரோ செய்து (குறுக்குக் கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி திருத்தி) வைத்தால் தம்பிக்குக் குறி தப்புகிறது. சிறியதாக எதை வாங்கலாம்? 4×20 போதுமா?

பதில்: தம்பி மேல் தவறில்லை. முதலில் அதை விளக்கிவிடுகிறேன். நீங்கள் எதை வாங்க வேண்டும் என்பதே அதில்தான் இருக்கிறது.

சுவர்க் கடிகாரத்தை நேரே நின்று பார்த்தால் பெரிய முள் ஒரு இடத்தில் தெரியும். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் ஒரு கோடு தள்ளித் தெரியும். முள்ளுக்கும் எண்களுக்கும் நடுவே இடைவெளி இருப்பதுதான் காரணம். ஸ்கோப்புக்குள்ளும் இதே கதைதான். இலக்கின் பிம்பமும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் விழாவிட்டால், கண் சற்று நகர்ந்தாலும் கோடு இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரியும். இதைத்தான் பேரலாக்ஸ் என்கிறோம். வேட்டைத் துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளை வழக்கமாக 100 கஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்கு, பொருத்தி அனுப்புவார்கள். அப்படிப்பட்ட 50 மி.மீ. லென்ஸ் ஸ்கோப்பில் 10 மீட்டர் இலக்கைப் பார்த்தால், கண் ஓரத்துக்குப் போகும்போது குறி 2 செ.மீ.க்கும் அதிகமாகத் தவறலாம். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டி இலக்கில் கறுப்பு வட்டத்தின் விட்டமே 30.5 மி.மீ.தான். நடுவில் குறி வைத்த குண்டு வட்டத்துக்கு வெளியே போய்விடும். உங்கள் கன்னம் கட்டையில் பதியும் இடமும் தம்பியின் கன்னம் பதியும் இடமும் ஒன்றல்ல. ஆளுக்கொரு இடத்தில் குண்டு விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். படம் மங்குவதும் இதனால்தான்.

சந்தேகம் இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பெல்லட் (ஏர் ரைபிளின் சிறு குண்டு) போடாத துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்து, 10 மீட்டர் இலக்கில் கோட்டைப் பொருத்துங்கள். துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் இடம் வலமாக, மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். கோடு நகர்ந்தால் அந்த ஸ்கோப் உங்கள் தூரத்துக்கானது அல்ல.

எனவே வாங்கும்போது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கேட்பதற்கு முன், எந்தத் தூரத்துக்குப் பேரலாக்ஸ் பொருத்தியது என்று கேளுங்கள். 10 மீட்டர் அல்லது அதற்கும் கிட்டே இறக்கக்கூடிய ஏ.ஓ. வளையம் (முன் லென்ஸைச் சுற்றி இருக்கும், தூரம் எழுதிய வளையம்) இருந்தால் மிக நல்லது.

அடுத்து அதிர்வு. ஏர் ரைபிள்தானே, உதை எங்கே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் ஏர் ரைபிளின் உதை விசித்திரமானது. டிரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் நகரும். பிஸ்டன் தன் ஓட்டத்தின் முடிவில் அழுந்திய காற்றில் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கும். ஒரு குண்டுக்கு இரண்டு உதை, எதிரெதிர்த் திசைகளில். வேட்டைத் துப்பாக்கிகளுக்கான பல ஸ்கோப்புகள் பின்னோக்கிய உதையைத் தாங்கத்தான் கட்டப்பட்டவை. முன்னோக்கிய வெட்டு அவற்றின் லென்ஸ்களைத் தளர்த்திவிடும், சிலவற்றில் குறுக்குக் கோடே அறுந்துவிடும். உங்களுடையது ஸ்பிரிங் வகை என்பதால், ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே வெளிப்படையாகச் சொன்ன ஸ்கோப்பைத்தான் வாங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். (காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. வகை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் உதை மிகக் குறைவு.)

சரி, 4×20? வேண்டாம். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். 4×20-இல் அது 5 மி.மீ., 4×32-இல் 8 மி.மீ. வட்டம் பெரிதாக இருந்தால் கண் சற்று விலகினாலும் படம் இருண்டுபோகாது. இரண்டு பேர் மாறி மாறிச் சுடும் துப்பாக்கிக்கு அந்தத் தாராளம் தேவை. 4×20-இன் குழாயும் வழக்கமாக ஒரு அங்குலத்தைவிட மெல்லியது, நல்ல மவுண்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் தாங்கி) கிடைப்பது சிரமம்.

என் தேர்வு 2-7×32, ஏ.ஓ. வளையத்தோடு. 10 மீட்டர் இலக்கை 4 மடங்கில் பார்த்தால் இரண்டரை மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். டப்பாவுக்கு அதுவே அதிகம். காகிதத்தில் பெல்லட் ஓட்டையைத் தேட 7 மடங்கு உதவும். ஹாக் நிறுவனத்தின் ஏர்மேக்ஸ் வரிசையில் இந்த அளவு உண்டு. யு.டி.ஜி. நிறுவனத்தின் பக்பஸ்டர் இன்னும் குட்டையானது, 3 கஜம்வரை கிட்டே இறங்கும். செலவைக் குறைக்க வேண்டுமானால், 25 அல்லது 30 மீட்டருக்குப் பேரலாக்ஸ் பொருத்திய, ஸ்பிரிங் தாங்கும் 4×32 போதும். குறைந்த உருப்பெருக்கத்தில் 10 மீட்டர் படமும் ஓரளவு தெளிவாகவே இருக்கும். ஆனால் கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதிக்கப் பழக வேண்டும்.

மிகக் குட்டையான ஸ்கோப்பில் ஒரு சிக்கல் உண்டு, கடையில் யாரும் சொல்வதில்லை. குழாயில் மவுண்டின் ரிங் பிடிக்க இடமே இருக்காது. கண் பக்கத் தடிப்புக்கும், குறியைத் திருத்தும் திருகுகள் உள்ள மேடைக்கும் நடுவே சில செ.மீ.தான் இருக்கும். அதனால் ஸ்கோப்பை முன்பின் நகர்த்த வழி குறைவு, நீளமான ஒற்றை மவுண்ட் பொருந்தாமலும் போகலாம். வாங்குவதற்கு முன் அந்த இடத்தையும் மவுண்ட் உட்காரும் துப்பாக்கியின் தண்டவாளத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஏர் ரைபிள்களில் பெரும்பாலும் 11 மி.மீ. டவ்டெயில் (பக்கங்கள் உள்நோக்கிச் சரிந்த குறுகிய தண்டவாளம்) இருக்கும். பிக்காட்டினி (குறுக்கே பள்ளங்கள் வெட்டிய அகலமான தண்டவாளம்) வகைக்கான மவுண்ட் அதில் உட்காராது.

ஸ்கோப் பின்னால் நகர்ந்ததற்கும் தீர்வு மவுண்டில்தான். துப்பாக்கி முன்னும் பின்னும் வெட்டும்போது ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். எடை கூடினால் வழுக்கலும் கூடும். தண்டவாளத்தின் மேல் சிறு குழி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடியில் நிறுத்து ஊசி உள்ள மவுண்டை வாங்கி, ஊசியை அந்தக் குழியில் இறக்குங்கள். குழி இல்லையென்றால் மவுண்டுக்குப் பின்னால் தனி நிறுத்துக் கட்டையை இறுக்குங்கள். திருகுகளை மட்டும் முரட்டுத்தனமாக முறுக்கினால் ஸ்கோப் குழாய்தான் நசுங்கும்.

பொருத்தும்போது கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை வசதியாகத் தோளில் ஏந்துங்கள். பிறகு கண்ணைத் திறந்தால் முழு வட்டமும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஸ்கோப்பைத்தான் நகர்த்த வேண்டும், கழுத்தை அல்ல. தம்பியும் இதைச் செய்து பார்க்கட்டும். இருவருக்கும் நடுவான இடத்தில் இறுக்குங்கள்.

அப்புறம் ஜீரோ. திருகில் ஒரு கிளிக் என்பது 100 கஜத்தில் கால் அங்குலம் என்று எழுதியிருக்கும். உங்கள் 10 மீட்டரில் அது முக்கால் மி.மீ.கூட வராது. குறி 1 செ.மீ. நகர 14 கிளிக் வேண்டும், 20 மீட்டரில் 7. நாலு கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று பலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

20 மீட்டரில் ஜீரோ செய்யுங்கள். பெல்லட் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்பி, ஸ்கோப் குழலுக்கு 4 செ.மீ. மேலே இருந்தால், 10 மீட்டரில் அரை செ.மீ. போலத் தாழ்ந்து படும், 25 மீட்டரில் ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாகத் தாழும். டப்பாவுக்கு எதையும் கணக்குப் போட வேண்டாம். ஆனால் 5 மீட்டரில் 2 செ.மீ. தாழ்ந்துபோகும். ஸ்கோப் குழலுக்கு மேலே உட்கார்ந்திருப்பதன் விளைவு அது, பழுதல்ல.

திருகை மேலே கடைசிவரை திருப்பியும் குண்டு தாழ்ந்தே விழுந்தால், குழல் சற்றுக் கீழ்நோக்கி அமைந்திருக்கிறது. மடக்குக் குழல்களில் இது சகஜம். அதை ஈடுகட்டும் சாய்வு மவுண்டைக் கேட்டு வாங்குங்கள். கடைசியாக, குழலை மடக்கும்போது ஸ்கோப்பைக் கைப்பிடியாகப் பிடிக்காதீர்கள். தம்பியிடமும் சொல்லிவையுங்கள்.