முதலில் பிபி, அப்புறம் மாத்திரை: கர்ப்பகால முதுகுவலி, தலைவலி கேள்வி-பதில்

கே: ஐந்தாம் மாதம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. கீழே பம்ப் அடித்துத் தண்ணீர் தூக்குகிறேன். இடுப்புக்குப் பின்னால், வலது பக்கம் குத்துகிறது. படுக்கையில் திரும்பக்கூட முடியவில்லை. டிஸ்க் விலகிவிட்டதா?

ப: வலி காலுக்கு இறங்கவில்லை, திரும்பும்போதுதான் குத்துகிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க் இல்லை, இடுப்பெலும்பு மூட்டுதான். கர்ப்பத்தில் அந்த மூட்டைப் பிடித்திருக்கும் நார்கள் தளரும். நிறைகுடம் 15 கிலோ இருக்கும். அதை ஒரே பக்க இடுப்பில் வைத்து மாடி ஏறினால் மூட்டு கோணிக்கொள்ளத்தான் செய்யும். வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் முன் நாலு குடம் ஏற்றி வைக்கட்டும், ஒன்றும் குறைந்துவிட மாட்டார். வேறு வழியே இல்லாத நாளில் இரண்டு கையிலும் பாதிப் பாதியாகச் சின்ன வாளி, குடம் வேண்டாம்.

படியில் ஒவ்வொன்றாக ஏறுங்கள்: ஏறும்போது வலி இல்லாத கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். படுக்கையில் திரும்ப, இரண்டு முழங்காலையும் மடக்கி ஒட்டவைத்துக்கொண்டு உடம்பை மொத்தமாகத் திருப்புங்கள். பாவாடை, பேன்ட் எல்லாம் உட்கார்ந்தே மாட்டுங்கள். பெல்ட் வாங்கினால் வயிற்றின் மேல் கட்டாதீர்கள். வயிற்றுக்குக் கீழே, தொடை எலும்பு பக்கவாட்டில் துருத்தும் இடத்தைச் சுற்றி வரவேண்டும். நடக்கும்போது மட்டும் போடுங்கள், படுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

கே: எட்டாம் மாதம். மல்லாந்து தூங்கலாமா? (பெரம்பூர்)

ப: கூடாது. ஏழாம் மாதத்திலிருந்து ஒருக்களித்துத்தான் தூங்க வேண்டும், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. தூக்கத்தில் புரண்டுவிட்டால் பதறாதீர்கள், திரும்பிப் படுத்தால் போதும்.

கே: கல்யாணத்துக்கு முன்பே கீழ்முதுகில் L4-L5 டிஸ்க் பிரச்சினை. இப்போது ஆறாம் மாதம், இடது கால் பெருவிரல் வரை மின்சாரம் போல் இழுக்கிறது. எம்ஆர்ஐ எடுத்தால் குழந்தைக்கு ஆபத்து என்கிறார்கள். (திருவொற்றியூர்)

ப: யார் 'என்கிறார்கள்'? எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே கிடையாது. தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் எடுக்கலாம், காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசி மட்டும் தவிர்ப்பார்கள். ஆனால் வெறும் இழுப்புக்கு உடனே எம்ஆர்ஐ தேவையில்லை. முழுநாளும் படுத்தே கிடப்பதும் உதவாது. இரண்டு மூன்று நாள் வேலையைக் குறைத்துக்கொண்டு, பிறகு சமதரையில் இருபது நிமிட நடை. கை, முழங்கால் ஊன்றி முதுகை மெல்ல மேலே வளைத்துப் பழைய நிலைக்கு வருவது, காலையும் மாலையும் பத்து முறை. பள்ளத்தில் குதிக்கும் ஷேர் ஆட்டோவின் பின்சீட்டு வேண்டாம்.

இதை மட்டும் மறக்காதீர்கள். சிறுநீர் முட்டியும் போகவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, இரண்டு காலும் பலமிழக்கிறது, இதில் எது வந்தாலும் அந்த மணி நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. குதிகாலில் நிற்க முடியாமல் பாதம் தொங்கினாலும் அன்றைக்கே போக வேண்டும்.

கே: ஏழாம் மாதம் முடியப்போகிறது. மூன்று நாளாகத் தலைவலி. மெடிக்கலில் சொல்லி வெள்ளை மாத்திரை வாங்கிப் போட்டேன், கேட்கவில்லை. வேறு நல்ல மாத்திரை சொல்லுங்கள். (கொடுங்கையூர்)

ப: சொல்ல மாட்டேன். மெடிக்கலில் பாதி மாத்திரை வெள்ளைதான், எதைப் போட்டீர்கள்? பிபி எவ்வளவு? ஒரு பக்கக் கடிதத்தில் அந்த இரண்டு எண்ணுக்கு இடமில்லையா? தலைவலி என்று வருகிற கடிதங்களில் பலவும் இதே லட்சணம்தான்.

ஐந்து மாதம் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்தால், பிபி பார்க்கும் வரை அது பிபி தலைவலிதான். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். நடந்து போன மூச்சோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேளுங்கள், சின்னப் பட்டை பொய்யாகக் கூட்டிக் காட்டும். 140/90 தொட்டால் அன்றைக்கே மகப்பேறு டாக்டர், கூடவே சிறுநீரில் புரதம் சோதனை. 160/110 என்றால் 108 ஆம்புலன்ஸ்.

கண்முன் பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, காலையில் எழும்போதே முகமும் விரலும் வீங்கியிருப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி: இதில் ஒன்று தலைவலியோடு சேர்ந்தாலும் எண்ணைப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. விலா வலியை காஸ் என்று கோலி சோடா குடித்தும், தலைவலியைப் பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்தும் இரண்டு நாளைக் கடத்துகிறார்கள். ஜன்னி, அதாவது வலிப்பு, வருவது அந்த இரண்டு நாளில்தான். மாத்திரை போட்டு வலி நின்றாலும் பிபி அப்படியேதான் இருக்கும்.

மாத்திரைக்கு வருகிறேன். பாராசிட்டமால் மட்டும்: ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நாலுக்கு மேல் போகாதீர்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வேண்டாம். ஐந்து மாதத்துக்கு மேல் இவை குழந்தையின் சிறுநீரைக் குறைக்கும், அதனால் பனிக்குட நீர் வற்றும். ஏழு மாதத்துக்கு மேல் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய குழாயைச் சுருக்கும். பாராசிட்டமாலோடு இவற்றைக் கலந்தும் விற்கிறார்கள், அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். எர்காட்டமின் கலந்த ஒற்றைத் தலைவலி மாத்திரை கர்ப்பத்தில் கூடவே கூடாது. ஆனால் டாக்டர் பிபிக்காகக் கொடுத்த சின்ன ஆஸ்பிரினை இதோடு சேர்த்து நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கணக்கு.

கே: மசக்கையால் டீயை அடியோடு நிறுத்தினேன். இரண்டாம் நாளிலிருந்து தலைவலி. (கொருக்குப்பேட்டை)

ப: திடீரென நிறுத்தியதால் இருக்கலாம், சில நாளில் அடங்கும். நாளைக்கு 200 மி.கி. காஃபின் வரை பாதகமில்லை, அதாவது சுமாராக நாலு சின்ன டம்ளர் டீ அல்லது இரண்டு காபி. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பிபி பார்த்தீர்களா?

கே: சின்ன வயதில் முதுகு கோணலுக்கு ராடு வைத்து ஆபரேஷன். சுகப்பிரசவம் ஆகுமா? (ராயபுரம்)

ப: ராடு இருப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. மரத்துப்போக முதுகில் ஊசி போடுவதுதான் சிக்கலாகலாம். எலும்பு ஒட்டிய இடத்தில் ஊசி இறங்காது, மருந்தும் சீராகப் பரவாது. ஏழாம் எட்டாம் மாதத்திலேயே மயக்க டாக்டரைப் பாருங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே கையில் இருக்கட்டும். எந்த எலும்பு வரை ராடு என்பதுதான் அவருக்கு வேண்டும். வலி எடுத்த பிறகு பீரோவைக் குடைந்து பயனில்லை.

கே: சிசேரியன் ஆகி மூன்றாம் நாள். உட்கார்ந்தால் தலை பிளக்கிறது, படுத்தால் சரியாகிறது. தலையணை வைத்ததால்தான் என்கிறார் மாமியார். தண்ணீரும் தருவதில்லை, வயிறு போடுமாம். (தண்டையார்பேட்டை)

ப: தலையணைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்ட துளை வழியே தண்டுவட நீர் கசிவதால் வரும் வலி போலத் தெரிகிறது. ஆபரேஷன் செய்த இடத்துக்கே தகவல் சொல்லுங்கள். பாராசிட்டமால், காபி, தாராளமாகத் தண்ணீர். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். தாங்க முடியாவிட்டால் உங்கள் ரத்தத்திலேயே 15-20 மி.லி. எடுத்து அந்த இடத்தில் செலுத்தி அடைப்பார்கள்.

மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்: அம்மா, பிரசவமானவளுக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். பிரசவமான உடம்பில் ரத்தம் சீக்கிரம் உறையும். நீர் வற்றினால் மூளை நாளத்திலேயே உறைந்து அடைக்கக்கூடும். படுத்தாலும் தலைவலி விடவில்லை, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் வரவில்லை என்றால் அது ஊசி வலி அல்ல, உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் பிபி ஏறலாம். முதலில் பிபி, அப்புறம் மாத்திரை.

கே: சுளுக்கு எடுப்பவரிடம் முதுகைக் காட்டலாமா? ஆறு மாதம்.

ப: வேண்டாம். வீட்டில் யாராவது எண்ணெய் தொட்டு மேலோட்டமாக நீவிவிடலாம். முறுக்குவது, சொடக்கு எடுப்பது, வயிற்றைத் தொடுவது கூடாது.

கே: நாலாம் மாதம். ராத்திரியில் நடுமுதுகு வலி, ஒரு மாதமாகச் சாயங்காலம் காய்ச்சல். எடையும் ஏறவில்லை. வீட்டில் ஒருவருக்கு டிபி இருந்தது. (காசிமேடு)

ப: இதைக் கர்ப்ப முதுகுவலி என்று விடாதீர்கள். முதுகெலும்பு டிபியா என்று பார்த்தே ஆகவேண்டும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசி வரியில் எழுதியதை முதல் வரியில் சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுப்பார்கள். உறுதியானால் வழக்கமான டிபி மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் போடலாம், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். கால் மரத்தாலோ தளர்ந்தாலோ ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.