கடிகாரத்தில் பதித்த நாணயங்கள்: கழற்றலாமா, விடலாமா?

கேள்வி: மரத்தட்டில் எண்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு பழைய நாணயங்களை ஒட்டிய சுவர்க் கடிகாரம் ஒன்று கைக்கு வந்தது. 1917 பிரிட்டிஷ் ஃப்ளோரினும் (இரண்டு ஷில்லிங் காசு) 1964 அமெரிக்கக் கால் டாலரும் அதில் இருக்கின்றன. மற்றவை தேய்ந்த செம்பு, நிக்கல் காசுகள். கடிகாரம் நன்றாக ஓடுகிறது. நாணயங்களைக் கழற்றிச் சேகரிப்பில் வைக்கலாமா?

பதில்: ஆண்டைப் பார்ப்பதற்கு முன் நாணயத்தின் முகத்தைப் பாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, லென்ஸ் வழியாகப் பார்த்தால் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றனவா? அப்படியென்றால் ஒட்டுவதற்கு முன்பே பாலிஷ் போட்டிருக்கிறார்கள். கடிகாரம் செய்பவருக்குப் பளபளப்புதானே வேண்டும்! அத்தகைய நாணயத்துக்குச் சேகரிப்பாளர் தரும் கூடுதல் விலை அப்போதே போய்விட்டது. மிஞ்சுவது உலோக மதிப்பு மட்டும். துளை போட்டதற்கும் ஈயம் வைத்துப் பற்றவைத்ததற்கும் இதே கதிதான்.

உலோகக் கணக்கு இது. பிரிட்டன் 1920இல் காசுகளில் வெள்ளியின் அளவை 50 சதவீதமாகக் குறைத்தது. அதற்கு முந்தையவற்றில் 92.5 சதவீதம் வெள்ளி. ஃப்ளோரினின் எடை 11.31 கிராம். தேய்மானம் போகச் சுமார் 10 கிராம் வெள்ளி தேறும். 1964 வரையிலான அமெரிக்கக் கால் டாலர் 6.25 கிராம், 90 சதவீதம் வெள்ளி, ஆக 5.6 கிராம். விளிம்பில் செம்புக் கோடு தெரிந்தால் அது 1965 முதல் வந்த வகை, வெள்ளி இல்லை.

இன்றைய வெள்ளி விலையோடு இதைப் பெருக்கிப் பாருங்கள். வரும் தொகைக்காக ஓடுகிற கடிகாரத்தைக் கெடுக்க வேண்டுமா என்பது உங்கள் தீர்மானம். என் கருத்து: செம்பையும் நிக்கலையும் தொடவே வேண்டாம். இரண்டு வெள்ளியையும் எடுக்கத்தான் வேண்டுமென்றால், அந்த இடங்களை நிரப்ப மாற்று இருக்கிறது. கால் டாலர் இன்றும் அதே 24.3 மி.மீ. விட்டம்தான். ஃப்ளோரின் 28.5 மி.மீ.; 1947 முதல் வந்த வெள்ளியில்லாத ஃப்ளோரினும், 1993 வரை புழங்கிய பெரிய 10 பென்ஸ் காசும் அதே அளவு.

கேள்வி: எடுப்பதென்று முடிவு செய்தால் எப்படி எடுப்பது? கத்தி முனையால் நெம்பினால் வந்துவிடும் என்கிறார்களே?

பதில்: வரும், விளிம்பில் ஒரு பள்ளத்தோடு. கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் வேண்டாம்.

முதலில் பேட்டரியை எடுத்துவிட்டு மெஷினைக் கழற்றுங்கள். விநாடி முள்ளை நேராக மேலே இழுத்தால் வரும். பிறகு சிறிய நட்டு, நிமிட முள், மணி முள், கடைசியில் தண்டைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு. சூடும் கரைப்பானும் பிளாஸ்டிக் பற்சக்கரங்களுக்கு ஆகாது.

அடுத்து பசையை அறிய வேண்டும். விளிம்பில் மெழுகு போல மங்கலாக, நகத்தால் அழுத்தினால் சற்று அமுங்கினால் அது உருக்கி ஒட்டும் ஹாட் க்ளூ. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சில நிமிடங்கள் சூடாக்கினால் இளகும். நைலான் தூண்டில் நரம்பையோ டென்டல் ஃப்ளாஸையோ நாணயத்துக்குப் பின்னால் நுழைத்து, ரம்பம் போல இப்படியும் அப்படியும் இழுங்கள். இருபக்க டேப்புக்கும் இந்த நூலே போதும்.

கடினமாக, வெண்படலத்தோடு இருந்தால் பெரும்பாலும் சூப்பர் க்ளூ. இதைக் கரைப்பது சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி வேண்டாம். அதில் எண்ணெயும் வாசனைப் பொருளும் சாயமும் கலந்திருக்கும். டிராப்பரால் விளிம்பைச் சுற்றி விட்டு, ஆவியாகாதபடி அலுமினியத் தாளால் மூடி, அரை மணிக்கொரு முறை மறுபடி விடுங்கள். மரத்தின் வார்னிஷில் வளையம் விழும், அதைத் தவிர்க்க முடியாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்போ ஹேர் டிரையரோ ஓடக்கூடாது.

எடுத்த நாணயத்தில் ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டாதீர்கள். மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனுக்குள் ஓரிரவு கிடக்கட்டும். புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். அசிட்டோன் பசையைத்தான் எடுக்கும். உலோகத்தையும் அதன் பழைய நிறத்தையும் விட்டுவிடும்.

இரண்டு கலவைகளைச் சேர்த்து ஒட்டும் எபாக்ஸி பசை என்றால் கதை வேறு. அசிட்டோனில் அது கரையாது, நாட்கணக்கில் ஊறினால் கொஞ்சம் உப்பித் தளரும், அவ்வளவுதான். அதைக் கரைக்கும் டைகுளோரோமீத்தேன் கலந்த பெயின்ட் நீக்கிகளின் ஆவி உயிரையே வாங்கக்கூடியது. ஒரு ஃப்ளோரினுக்காக அந்த வேலை வேண்டாம்.

கேள்வி: எங்களிடம் உள்ள கடிகாரத்தில் கண்ணாடி போன்ற அக்ரிலிக் கட்டிக்குள் நாணயங்கள் அமிழ்ந்திருக்கின்றன. உடைத்து எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அசிட்டோன் பட்டால் அக்ரிலிக் மங்கி விரிசலோடும், நாணயம் லேசில் வெளியே வராது. அறுத்தால் ரம்பம் எந்த இடத்தில் நாணயத்தைத் தொடும் என்று தெரியாது. கட்டி முழுதாக இருக்கும்வரை அது அலங்காரப் பொருளாகவாவது விலை போகும்.

கேள்வி: கழற்றும் எண்ணமில்லை. ஆனால் வெள்ளிக் காசுகள் கறுத்துவிட்டன. இருந்த இடத்திலேயே தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

பதில்: அந்தக் கறுப்பு காற்றிலுள்ள கந்தகத்தால் வந்த வெள்ளி சல்பைடு. பற்பசையோ பாலிஷோ அதனோடு வெள்ளியின் மேற்பரப்பையும் கொஞ்சம் அரித்துக்கொண்டு வரும். போதாததற்கு விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவே வெள்ளைப் பொடியாகத் தங்கிவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

கேள்வி: மாற்றுக் காசுகளை ஒட்டிய பிறகு கடிகாரம் தினமும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: முள் எதன்மீதோ இடிக்கிறது. புதிய காசு பழையதைவிடத் தடிமனாக இருக்கலாம், அல்லது அடியில் பசை அதிகமாகிக் காசு உயர்ந்திருக்கலாம். பின்பக்கச் சக்கரத்தால் முட்களைப் பன்னிரண்டு மணி நேரமும் மெல்லச் சுற்றிப் பார்த்தால் இடிக்கும் இடம் தெரியும். முள்ளைக் கையால் தள்ளிச் சுற்ற வேண்டாம். முள்ளின் நுனியை ஒரு மி.மீ. மேலே வளைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் மணி முள், நிமிட முள், விநாடி முள் மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும்.