அதட்டத் தெரியாதவர் மேற்பார்வையாளர் ஆகலாமா?

ஏற்றுக்கொள்ளுங்கள். கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வையாளர் பொறுப்பு தருகிறார்கள், ஆளுமைத் தேர்விலோ ‘ஐ.எஸ்.எஃப்.ஜே’ (அமைதியும் பிறர்மீது அக்கறையும் கொண்ட வகை) என்று வந்திருக்கிறது, எனக்கு அதட்ட வராதே என்று கேட்டிருக்கிறீர்கள். அதட்டலைவிட அங்கே அதிகம் தேவைப்படுவது உங்களிடம் இருக்கும் கவனிப்புதான்.

வழக்கமாக நிறைய கொழுந்து எடுப்பவரின் எடை இன்று ஏன் குறைந்தது, மழைநாளில் வழுக்கும் சரிவுக்கு யாரை அனுப்பக் கூடாது, யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவரை அணி நம்பும். அப்படி நம்பப்படுபவர் முற்றிய இலையைக் கலக்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாலே போதும்.

மறுத்தால் பிறர் மனம் நோகுமே என்ற அச்சம் உங்கள் தயக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம். இந்த வாரம் மனமில்லாமல் ‘சரி’ என்றவற்றை மாலைதோறும் குறித்துப் பாருங்கள். பட்டியல் நீண்டால், விடுப்புக் கேட்பவரிடமும் மறுக்கச் சிரமப்படுவீர்கள்; எனவே விடுப்பை யார் முடிவு செய்வது என்பதைப் பொறுப்பேற்கும் முன்பே மேலாளரிடம் எழுத்தில் பெறுங்கள். பிறர் சுமையையும் தாமே சுமந்து, வெளியே சொல்லாமல் சோர்ந்துபோவது இவ்வகையினருக்கு உண்டு, எனக்கு உண்மையான கவலை அதுவே.

அந்த எழுத்துகளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். சுவிஸ் உளவியலாளர் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளைத் தழுவி, அமெரிக்கர்களான மையர்ஸும் அவர் தாய் பிரிக்ஸும் உருவாக்கிய தேர்வு அது. சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது.