உழாத வயலில் கோதுமை: களை பற்றிய கேள்விகளுக்குப் பதில்

ஹரியானாவில் நெல் அறுத்த வயல்களில் கோதுமைக் களையோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் வந்த கேள்விகள் இவை.

கேள்வி (வேளாண் கல்லூரி மாணவி): சார், ‘அகல உழுவதைவிட ஆழ உழு’ என்றுதானே கேட்டு வளர்ந்தோம்? உழாமல் விதைத்தால் களை மண்டிவிடாதா?

பதில்: எந்தக் களை என்று முதலில் பாரம்மா. அங்கே பெரிய எதிரி குல்லி தண்டா என்ற புல் களை. மண்டூசி என்றும் சொல்வார்கள். இளசில் அச்சு அசல் கோதுமைதான். அடித்தண்டைக் கிள்ளினால் சிவப்பாகச் சாறு வரும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோதுமை அறுப்புக்கு முன்பே விதையை உதிர்த்துவிடும். அந்த விதை நெல்லுக்குக் கட்டும் தண்ணீரிலும் அழியாமல் மண்ணுக்குள் கிடக்கும். நாம் உழும்போது அதை மேலே புரட்டிப் போட்டு, முளைக்க வழிசெய்து கொடுக்கிறோம். உழாத வயலில் விதைக்கும் கருவியின் கொழு கீறிய கோட்டில் மட்டும்தான் மண் அசைகிறது. ஆழத்தில் கிடப்பது ஆழத்திலேயே கிடக்கும்.

கேள்வி: களைக்கொல்லி அடித்தால் தீராதா?

பதில்: அப்படி நம்பித்தான் அடிபட்டார்கள். ஐசோபுரோட்யூரான் என்ற ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அதற்குச் சாகாத குல்லி தண்டா ஹரியானாவில் பரவிவிட்டது. களை மூடிய கோதுமையைக் கதிர் முற்றுமுன்பே மாட்டுத் தீவனமாக அறுத்தவர்கள் உண்டு. நெஞ்சு பதறும் காட்சி அது. 1990-களின் கடைசியில் குளோடினாஃபாப், சல்ஃபோசல்ஃப்யூரான் போன்ற வேறு களைக்கொல்லிகள் வந்து மூச்சுவிட வைத்தன. பிறகு அவற்றுக்கும் மசியாத களை வந்துவிட்டது. மருந்தை மாற்றி மாற்றி அடியுங்கள். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கேள்வி: விதைக்கும் தேதிக்கும் களைக்கும் என்ன தொடர்பு?

பதில்: நிறைய. குல்லி தண்டாவுக்குக் குளிர் வேண்டும். அக்டோபர் கடைசியில் மண் இன்னும் சூடாக இருக்கும்போதே விதைத்தால் கோதுமை முந்திக்கொண்டு நிழல் கட்டிவிடும். நவம்பர் பாதிக்கு மேல் போனால் இரண்டும் சேர்ந்தே எழும். உழாமல் விதைப்பதன் பெரிய லாபமே இதுதான்: நாலைந்து முறை உழுது பண்படுத்தும் நாட்கள் மிச்சம், டீசலும் மிச்சம். மார்ச் மாத வெயில் மணியைச் சுருக்குமுன் பால் பிடித்துவிடும். விளைச்சல் கூடுவதற்கு அதுவே முதல் காரணம் என்பது என் கணிப்பு.

கேள்வி: நெல் தாளை என்ன செய்வது? கொளுத்தித்தானே விதைக்கிறார்கள்?

பதில்: கொளுத்த வேண்டாம், அது உங்கள் போர்வை. ஹேப்பி சீடர் என்ற கருவி தாளை வெட்டி ஒதுக்கிக்கொண்டே விதைக்கும்; வரிசைகளுக்கு நடுவே தாள் மூடாக்காகத் தங்கும். வெளிச்சம் படாத இடத்தில் களை குறைவு. மெல்லிசாகத் தூவினாற்போல் இருந்தால் பிரயோஜனம் இல்லை. எக்டேருக்கு 5 டன்னாவது வேண்டும். அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் தாளைச் சமமாகப் பரப்பும் சாதனம் பூட்டியிருப்பது முக்கியம். குவியல் குவியலாகக் கிடந்தால் கருவி அடைத்துக்கொள்ளும், அந்த இடத்தில் பயிரும் வராது.

கேள்வி: குறையே இல்லையா ஐயா?

பதில்: உண்டு. ஜங்லி பாலக் என்ற காட்டுக் கீரை, ரூமெக்ஸ் இனம், உழாத வயலில் கூடும். அதன் விதை லேசானது, தண்ணீரில் மிதந்து மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அகன்ற இலைக் களைக்கான மருந்து தனியாகத் தேவைப்படும். எலித் தொல்லையும் கூடலாம், வரப்பைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: முதல் வருஷம் முழு நிலத்திலும் செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஒரு ஏக்கரில் செய்துபாருங்கள். விதைக்கும்போது நிற்கும் களையை மட்டும் முன்பே அழித்துவிடுங்கள். முதல் தண்ணீரை 21-ஆம் நாள் வாக்கில் மெல்லிசாகப் பாய்ச்சுங்கள். மருந்துக்குத் தப்பி நிற்கும் குல்லி தண்டாவைக் கதிர் உதிருமுன் கையாலேயே பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.