பெயர் போனது போகட்டும், கோப்புக்குப் பதில் சொல்லுங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். தனியார் மருத்துவமனை ஒன்றில் புள்ளியியலாளராக இருந்தேன். நீரிழிவுக் கால்புண் ஆய்வுக்கு நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிக் கணக்கிட்டது முழுக்க நான். வெளியான கட்டுரையில் என் பெயர் இல்லை. மனம் வெறுத்து வேலையை விட்டேன். முந்தின நாள் எக்செல் கோப்பை என் ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொண்டேன். நோயாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டேன். அதை வைத்துத் தனிக் கட்டுரை எழுதலாமா? ஏழு நாளில் பதில் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது.

பதில்: இங்கே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் துறைத் தலைவரின் குணம். அது நீதிமன்றத்துக்கு வேண்டாம். பெயர் விடுபட்டதைப் பற்றி ஆய்விதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடலாம், அவ்வளவுதான். கேள்வி ஒன்றே: கோப்பை வெளியே கொண்டுபோக யார் அனுமதித்தார்கள்?

யாரும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, பொறுப்பாளரின் அனுமதியின்றித் தரவை நகலெடுப்பதே தவறு. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவு: மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘உழைத்தது நான்’ என்பது எடுபடாது. நோயாளிகள் தொடர்பான ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு தந்த அனுமதி அந்த ஆய்வுத் திட்டத்துக்கு. உங்களோடு கிளம்பி வராது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு தருகிறதே என்பீர்கள். வகுத்த தரத்தின்படி நடக்கும் ஆய்வுக்குத்தான் அந்த விலக்கு, கோப்பை எடுத்துப்போவதற்கு அல்ல.

நீங்கள் இணைத்த மாதிரிப் பக்கத்தில் உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, ஊர் எல்லாம் அப்படியே நிற்கின்றன. கோலார் தங்கவயல், 34 வயது, கால் அகற்றம் என்று ஒரு வரி இருந்தால் அந்த ஊர்க்காரருக்குப் பெயர் எதற்கு? அதை எனக்கு அனுப்பியதே இன்னொரு பிழை. இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

என் கவலையெல்லாம் இனி நீங்கள் செய்யப்போவதைப் பற்றித்தான். நோட்டீஸ் வந்த இரவே ஜிமெயிலைத் திறந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுநாள் என்னிடம் வருகிற கட்சிக்காரர்கள் உண்டு. அனுப்பிய தடம் மருத்துவமனையின் சர்வரில் பத்திரமாக இருக்கும். கோப்பு வேறு யாருக்கும் போகவில்லை என்று காட்ட உங்களிடம் இருந்த சான்றுதான் தொலையும். கெட்ட எண்ணம் இருந்தது என்று எதிர்த்தரப்பு வாதிட நீங்களே வழி செய்து கொடுப்பீர்கள். மின்னணு ஆவணத்தை அழித்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 241ஆம் பிரிவும் சேரலாம். அடுத்த பள்ளம், பழைய மேலதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் உருகுவது. ‘கோபத்தில் எடுத்துவிட்டேன் சார், மன்னித்துவிடுங்கள்’ என்ற ஸ்கிரீன்ஷாட் புகாரோடு முதல் இணைப்பாக வந்து நிற்கும்.

சமாதானமாகப் போங்கள். எஃப்ஐஆர் பதிவானால் மடிக்கணினியும் கைபேசியும் போலீஸ் வசம் போய்விடும். 66 சமரசத்துக்கு இடமுள்ள குற்றம்தான். ஆனால் நீதிமன்றப் படியேறிச் செய்யும் சமரசத்துக்கு அலைச்சல் அதிகம். மருத்துவமனைக்கும் இது வெளியே வருவதில் விருப்பம் இருக்காது. நோயாளி விவரம் கசிந்தது என்றால் முதல் கேள்வி அவர்களுக்குத்தான். அதுதான் உங்கள் பேரத்துக்கான இடம். அவர்கள் ஆள் முன்னிலையில் அழிப்பதாகவும், யாருக்கும் தரவில்லை என்று பிரமாணப் பத்திரம் தருவதாகவும் வக்கீல் மூலம் எழுதுங்கள். மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள், கையோடு அனுபவச் சான்றிதழையும் கேளுங்கள். கட்டுரையில் பெயர் வேண்டும் என்று மட்டும் அதில் நுழைக்காதீர்கள், பேச்சு முறிந்துவிடும். கோப்பை நண்பர் யாருக்காவது அனுப்பியிருந்தால், பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.