சஹாராப் புழுதிக்கு ஏன் ரோஸ் கலர்?

கடிதம்:
அண்ணன், கச்சான் காத்து தொடங்கினதில இருந்து களுவாஞ்சிகுடியில வீட்டுக்குள்ள எல்லாம் புழுதி, அம்மா கூட்டிக் கூட்டிக் களைச்சுப் போறா. வட்ஸ்அப்பில ஒரு செய்மதிப் படம் வந்திச்சு, சஹாரா மணல் கடல் தாண்டிப் போகுதாம், ஆனா மணலெல்லாம் ரோஸ் கலர். உண்மையா அது? நம்மட புழுதியும் மேல இருந்து தெரியுமா?
- ஒரு வாசகி

பதில்:
தங்கச்சி, படம் உண்மைதான், கலர் மட்டும் விஞ்ஞானிகள் போட்டது. கடலுக்கு மேல புழுதி போனா நீலத்தில பழுப்பா நல்லாத் தெரியும், ஆனா பாலைவனத்தில கிளம்பக்குள்ள கீழயும் மண் மேலயும் மண், சாதாரணப் படத்தில பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம், ராவெண்டா ஒண்டுமே தெரியாது. அதால ஐரோப்பாட மீட்டியோசாட் செய்மதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர அளக்குது, புழுதியும் மேகமும் அதில வேற வேறயாத் தெரியும், புழுதிக்கு ரோஸ் குடுத்திருவாங்க. 10-15 நிமிஷத்துக்கு ஒரு படம் வாறதால பின்னுக்கு ஓட்டிப் பார்த்தா எந்த இடத்தில கிளம்பினது எண்டும் பிடிக்கலாம்.

கடல் தாண்டுறது மணல் இல்ல, அது கனம், கிட்டவே விழுந்திரும். போறது மாவு மாதிரித் தூள். 2020 ஜூன்ல அப்படி ஒரு பெரிய புழுதி அத்திலாந்திக்கத் தாண்டிக் கரீபியன் தீவுகள் வரை போனது.

எனக்கு இதில பெரிய ஆச்சரியம் அமேசன் காடுதான். சஹாரா ஓரத்தில, சாட் நாட்டில போடெலே எண்டு ஒரு பள்ளம், முந்தி பெரிய ஏரி, இப்ப வத்தி, செத்த பாசிகள்ட ஓடு தூளாக் கிடக்கு, அதில பொஸ்பரசு இரிக்கு, நம்மட ஆக்கள் வயலுக்குப் போடுற டீஎஸ்பி பசளையில இருக்கிற அதே சத்து. 2006ல ஏவின கலிப்சோ செய்மதி லேசர் ஒளிய கீழ அடிச்சு, திரும்பி வாறதில இருந்து புழுதி எவ்வளவு உயரத்தில எவ்வளவு போகுது எண்டு பார்த்தது. 2007ல இருந்து 2013 வரை அது எடுத்த அளவ வச்சுக் கணக்குப் பார்த்தா, சஹாராப் பக்கமிருந்து வருஷத்துக்குச் சராசரி 27.7 மில்லியன் தொன் புழுதி அமேசன்ல விழுகுது, அதில பொஸ்பரசு மட்டும் 22,000 தொன் அளவு. மழை கழுவிக்கொண்டு போற பொஸ்பரசு கிட்டத்தட்ட அவ்வளவும் திரும்பி வருது. ஒரு கண்டத்துப் பாலைவனம் இன்னொரு கண்டத்துக் காட்டுக்குப் பசளை போடுது!

உங்கட வளவுப் புழுதி இந்தச் செய்மதிகளுக்குத் தெரியாது, படத்தில ஒரு புள்ளியே நூத்துக்கணக்கான மீற்றர், சிலதில கிலோமீற்றர் கணக்கில அகலம். ஆனா அது நெஞ்சுக்குக் கூடாது, அம்மாவ ஈரத்துணியால துடைக்கச் சொல்லுங்க. செய்மதிப் படம் பார்க்கிற நாசாட வேர்ல்ட்வியூ இணையத்தளம் இலவசம்தான், போன்லயும் வேலை செய்யும், 2020 ஜூன் 18 எண்டு திகதி போட்டு ஆபிரிக்காக்கு மேற்கால கடலப் பாருங்க, பார்த்திட்டு எழுதுங்க.